பட்டறையில் கழுவிய நரி எச்சம்

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்த ஏழுமலை, திறந்த வேகத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். "அம்மா, உள்ள எலி கிலி செத்துக் கெடக்குது போல" என்றான். எலி இல்லை என்று வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுப் பெய்த மழையில் மேல் தட்டுக்கு நேராக ஓடு ஒழுகி, அங்கே அட்டைப்பெட்டியில் இருந்த உன் காகிதக் கவர்கள் நனைந்து ஊறிப்போயிருந்தன. சாயம் போடும் இடம் என்பதால் ஆசிட் வாடையும் வெந்த பட்டின் வாடையும் எந்நேரமும் அங்கே குடியிருக்கும். அவற்றையெல்லாம் விரட்டிவிட்டு உன் நரிகளின் நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. செத்துப்போன பிறகும் ஒருத்தியால் இன்னொருத்தியின் பிழைப்பை இப்படி நாறடிக்க முடியுமா? உன்னால் முடிகிறது.

கோபத்தில்தான் எழுதுகிறேன். நேரில் திட்டலாம் என்றால் நீ இல்லை. ஏழுமலையைத் திட்டினால் அவன் வேலையை விட்டுப் போய்விடுவான். அதனால் ஈரப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு, சாம்பிராணி போடச் சொல்லிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எச்சம் என்று நீ சொல்வாய். ஏழுமலை பீ என்பான். நான் இரண்டையும் சொல்லக் கூசி 'அது' என்பேன். அதை இங்கே வைக்காதே. அது பட்ட கையோடு டம்ளரைத் தொடாதே. அதைப் பற்றிச் சாப்பிடும்போது பேசாதே. கடைசிக் காலத்தில் உன்னோடு நான் பேசியதில் பாதி இந்த மாதிரிதான்.

கல்லூரியில் நீ விலங்கியல், நான் வேதியியல். துணைப்பாடத்துக்கு மட்டும் ஒரே வகுப்பு. ஒருநாள் மேடம் உன்னை எழுப்பி ஏதோ கேட்டார்கள். புத்தகத்திலேயே இருக்கிற விடை, கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரியும். நீ எழுந்து நின்று, "புக்குல அப்படித்தான் போட்டிருக்குது மேடம். நான் பார்த்ததில்ல. அதனால எனக்குத் தெரியல" என்றாய். வகுப்பே சிரித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அன்று தொடங்கியது இந்தத் தலைவலி. பெண் பார்க்க வந்தவர்கள் நன்றாகச் சமைப்பாயா என்று கேட்டபோதும், "தெரியலைங்க, சாப்பிடறவங்கதான் சொல்லணும்" என்று சொல்லி வைத்தாய். பஜ்ஜி சாப்பிட்ட கையோடு அவர்கள் கிளம்பிப் போனார்கள். உன் அம்மா என் வீட்டுக்கு வந்து, நீயாவது அவளுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா என்று அழுதார்கள். உனக்கு எதையாவது எடுத்துச் சொல்லி ஜெயித்தவர்கள் உண்டா?

என் தொழிலில் தெரியாது என்று சொல்ல வாய் வரக் கூடாது. சாயம் நிற்குமா என்று கேட்டால் நிற்கும். இதே அரக்கு மறுபடி வருமா என்றால் வரும். வெள்ளிக்கிழமை தருவீர்களா என்றால் தருவோம். அப்பாவுக்குப் பிறகு இந்தப் பட்டறையை இப்படிப் பேசிப் பேசித்தான் நடத்தி வருகிறேன். நீ கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றாய். ஓய்வு பெற்ற கையோடு தாமலுக்கு பஸ் ஏற ஆரம்பித்தாய். ஏரிக்கரையில் நடந்தால் மூட்டுக்கு நல்லது என்றாய். நானும் நம்பினேன். நடக்கப் போனவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தது என் தலைவிதி.

ஒருநாள் மத்தியானம் ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவைக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ வந்தாய். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நூல் மாதிரிகள் பரப்பியிருந்த அதே மேஜையில் வைத்துப் பிரித்தாய். "பாருடி, நண்டு ஓடு இருக்குது, இலந்தைக் கொட்டை இருக்குது, எலிப்பல்லு இருக்குது. நரி நேத்து இன்னா சாப்டுச்சின்னு அதுகிட்ட போகாமயே தெரிஞ்சிக்கலாம்" என்றாய். உன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாண வீட்டார் அப்புறம் வருகிறோம் என்று எழுந்து போனார்கள். இன்றுவரை வரவில்லை.

அதோடு விட்டாயா? உனக்குச் சுடுதண்ணீர் வேண்டும், வடிகட்டி வேண்டும், நிழலில் காயப்போட இடம் வேண்டும். சாயப்பட்டறையில் இதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? என் அடுப்பு, என் தண்ணீர், என் சல்லடை என்று ஒவ்வொன்றாக உன் கைக்குப் போயின. கழுவினால் மண்ணும் சாறும் போய், மயிர், எலும்புத் துண்டு, பல், கொட்டை, வண்டின் இறகு என்று மிஞ்சும். மயிரை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாய். மேலே இருக்கும் செதில் தெரிவதற்காக நகப்பாலிஷைத் தடவி, அதில் மயிரை அழுத்தி அச்சு எடுப்பாய். மருதாணிகூட வைத்துக்கொள்ளாத நீ பெருமாள் கோயில் பக்கத்து ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், "கலர் இல்லாத பாலிஷ் குடுங்க, நரிக்கு" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நரி சௌக்கியமா என்று கேட்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆடு, நாய், பூனை, பெருச்சாளி என்று கிடைத்த மயிரையெல்லாம் சேர்த்தாய். என் தலைமுடியில் இரண்டு கேட்டாய். நரி என்னையா தின்னப் போகிறது என்று கத்தினேன். "நீ இங்கயே சுத்திக்கினு இருக்க. உன் முடி இதுல விழுந்துதுன்னா எனக்கு அடையாளம் தெரியணுமில்ல" என்றாய். கொடுத்துத் தொலைத்தேன்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன். "இவ்ளோ பார்த்துட்ட. நரி எதைத்தான் நெறைய துன்னுது? ஒரே வார்த்தையில சொல்லு." நீ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் நீ இல்லையே. ஒரு எலியைத் தின்றால் மயிரும் எலும்புமாக எச்சம் நிறைய வரும், கறி கொஞ்சம்தான் இருந்திருக்கும். ஆட்டைத் தின்றால் வயிறு நிறையக் கறி போயிருக்கும், வெளியே வருவது நாலு மயிர். அதனால் வந்ததை வைத்து அப்படியே தின்றதைச் சொல்லக் கூடாது என்றாய். சரி, ஆட்டு மயிர் இருக்கிற எச்சங்களை எண்ணிவிடலாமே என்றேன். ஒரே ஆட்டை நாலு நரி தின்றிருந்தால் கரை முழுக்க ஆட்டு மயிராகக் கிடக்கும், ஆடு ஒன்றுதான் என்றாய். "அப்போ இத்தனை நாளா என் பட்டறையில நீ இன்னாதான்டி கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். "எதையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு கண்டுபிடிச்சிருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் உன் பைத்தியம் என்று விட்டிருப்பேன், தாமலில் ஆடு காணாமல் போகாமல் இருந்திருந்தால்.

ஏழுமலைக்குத் தாமல்தான் ஊர். அவனுடைய அத்தை தேசம்மா வெள்ளாடு வளர்த்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். இந்த ஆடியிலிருந்து அவருடைய ஆட்டுக்குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏரிக்கரைப் புதரில் நரி குட்டி போட்டிருந்ததை ஊரே பார்த்திருந்தது. பிறகென்ன, நரிக்கு மருந்து வைத்துவிடுவது என்று பேசி முடித்துவிட்டார்கள். ஏழுமலை அதை என்னிடம் சொல்ல, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உன்னிடம் சொல்ல, நீ அடுத்த பஸ்ஸில் போய் நின்றாய். தனியாக விட மனசில்லாமல் நானும் வந்தேன்.

தேசம்மா உன்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குப் பொழப்பே அதுங்கதான். ஒண்ணொண்ணா பூடுது. நீ இன்னாமா, நரிக்கு வக்காலத்து வாங்கிக்கினு வந்து நிக்கற?" என்று கேட்டார்.

"நரிக்காக வரலக்கா. நரி துன்னலன்னா, அதைக் கொன்ன பிறகும் உங்க குட்டி போய்க்கினுதான் இருக்கும். அது விட்டு வெச்ச பீயை நான் பார்த்துக்கினு இருக்கறேன். கார்த்திகை தீபத்துக்குள்ள வந்து சொல்றேன். அதுவரைக்கும் மருந்து வெக்காதீங்க."

பக்கத்தில் நின்ற கன்னியப்பன், அவரும் ஆடு வளர்ப்பவர், நக்கலாகக் கேட்டார். "நரிதான்னு தெரிஞ்சா?"

"அதையும் நானே வந்து சொல்றேன்."

"ஒண்ணும் தெரியலன்னா?"

"தெரியலன்னும் வந்து சொல்றேன்."

நான் உன் கையைக் கிள்ளினேன். நரி இல்லை என்று அடித்துப் பேசியிருந்தால் அன்றைக்கே பாதிப்பேர் அடங்கியிருப்பார்கள். ஆனாலும் தேசம்மா என்ன நினைத்தாரோ, தீபம் வரைக்கும் பொறுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அந்த நரிகளின் உயிர் அப்போதிலிருந்து உன் வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

தாமலில் மேய்ச்சலுக்கு விடுகிற ஆடுகளின் முதுகில் ஆளுக்கு ஒரு சாயம் பூசியிருக்கும். எல்லா ஆடும் வற்றிய ஏரிக்குள் ஒன்றாகக் கலந்து மேயும், சாயங்காலம் பிரித்து ஓட்டிப்போக அடையாளம் வேண்டும். என் பட்டறையில் மிஞ்சுகிற சாயத்தை ஏழுமலை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுப்பான். தேசம்மாவுக்கு அரக்கு, கன்னியப்பனுக்குக் கிளிப்பச்சை. மணப்பெண்ணுக்குப் போடுகிற கலரில் ஆடு மேய்கிறதே என்று நான் அவனைக் கிண்டல் செய்வதுண்டு.

அந்தப் பச்சையைத்தான் ஆவணிக் கடைசியில் நீ கண்ணாடித் துண்டில் பார்த்தாய். நரி எச்சத்தில் ஆட்டு மயிர், ஆட்டு மயிரில் கிளிப்பச்சை. ஒன்றில் அல்ல, பலவற்றில் இருந்தது. அரக்கு ஒன்றில்கூட இல்லை. ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டோம். கன்னியப்பன் ஆடுகள் கழிச்சல் வந்து செத்ததும், அவற்றை ஏரிக்குள்ளே இழுத்துப் போட்டதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நரி தின்றது கன்னியப்பன் வீசிய செத்த ஆடுகளை. தேசம்மாவின் குட்டிகளை நாயோ ஆளோ கொண்டுபோயிருக்க வேண்டும். "முடிஞ்சிது! நாளைக்கே பஸ் ஏறு" என்றேன்.

நீயோ அடுப்பின் மேல் இருந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இந்த வாரம் இன்னா கலர் போட்டுக்கினு இருக்கற?" என்று கேட்டாய்.

அன்று பட்டறையில் கொதித்துக்கொண்டிருந்தது கிளிப்பச்சை.

என்ன செய்யப் போகிறாய் என்று புரிந்து நான் தடுப்பதற்குள், மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைத்திருந்த வெள்ளை ஆட்டு மயிரில் ஒரு கொத்து எடுத்து, எச்சம் கழுவிய அதே சல்லடையில் போட்டு, அதே சுடுதண்ணீரை ஊற்றினாய். வெளியே எடுத்தபோது அதில் இலேசாகப் பச்சை ஏறியிருந்தது, சல்லடையிலும் தண்ணீரிலும் கலந்திருந்த சாயம்தான். சாயத்துக்குப் பட்டும் ஆட்டு மயிரும் ஒன்றுதான், சூடும் ஆசிட்டும் இருந்தால் இரண்டும் குடித்துவிடும். இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். உலகத்தில் எச்சம் பொறுக்குகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதைக் கொண்டுவந்து சாயப்பட்டறையில் கழுவியவர்கள் நாம் இருவர் மட்டும்தான் இருக்க முடியும்.

அன்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "இது இலேசா ஏறின பச்சைடி. அது நல்லாப் புடிச்ச சாயம். பார்த்தா எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். ஆனா இது பட்டறையில கழுவினது. எது ஆட்டு மேலயே இருந்த பச்சை, எது இங்க ஒட்டின பச்சைன்னு பிரிக்க முடியாது."

"கன்னியப்பனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமேடி."

இதைச் சொல்லும்போது உன் குரலில் பெருமை கிடையாது, வீம்பு கிடையாது. மூட்டு வலிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாய். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. நீ பெட்டியை மூடி, மேலே தடித்த பேனாவால் 'கணக்கில் சேராது' என்று எழுதி, என் மேல் தட்டில் ஏற்றி வைத்தாய். தூக்கிப் போடு என்றதற்கு, எதைத் தப்பாகச் செய்தோம் என்பதும் இருக்கட்டும் என்றாய். அந்தப் பெட்டிதான் இன்று நனைந்து நாறியது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாய். புரட்டாசி வந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் கரையில் கிடப்பது எல்லாம் கரைந்துபோகும், அதற்கு முன்னால் பொறுக்க வேண்டும் என்று தினமும் தாமலுக்கு ஓடினாய். கழுவுவதை சின்ன காஞ்சிபுரத்து மாடி வீட்டில், உன் குளியலறைக் குழாய்த் தண்ணீரில் வைத்துக்கொண்டாய். கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமி வெங்காயம்கூடத் தொடாத புரட்டாசி மாதம். "என்னடிம்மா இது வாசனை, மாடிலேர்ந்து வரது?" என்று கேட்டாராம். சாக்கடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நரி விட்டை மாமி" என்றாயாம். அந்த ராமானுஜ பக்தை உன்னை வீட்டை விட்டுத் துரத்தாமல், மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கழுவு என்றதோடு விட்டதே பெரிய விஷயம்.

பொய் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் வாயை மூடு என்றுதான் சொன்னேன். அதுவும் உனக்கு வரவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, தாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாய். மாமிதான் எனக்கு போன் செய்தார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வாரமாகவே மூச்சு வாங்குகிறது என்று மாமியிடம் சொல்லியிருக்கிறாய். டாக்டரிடம் போனாயா என்று கேட்டதற்கு, மழை வந்த பிறகு போகிறேன் என்றிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லித் தொலைக்கிறவள், சொல்ல வேண்டிய இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? எத்தனை தடவை கேட்டாலும் ஆறவில்லை எனக்கு. நான் உன்னை நினைத்து அழுவதைவிடத் திட்டுவதுதான் அதிகம். திட்டினால் நீ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது உன் தம்பி, கழுவாமல் மிச்சமிருந்த கவர்களைக் காட்டி, "இதெல்லாம் குப்பைதானேக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். தீபத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. தேசம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றி மருந்தை வைக்காமல் காத்திருப்பதாக ஏழுமலை வேறு சொல்லிக்கொண்டிருந்தான். மாதம் முடியும் வரைக்கும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ என்று உன் தம்பியிடம் சொன்னேன்.

மொட்டை மாடியில், உன் புதுச் சல்லடையில், குழாய்த் தண்ணீரில் நான் கழுவினேன். முந்தானையை இழுத்து மூக்கில் கட்டிக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டே கழுவினேன். மாமி காபி கொண்டுவந்து, படிக்கட்டிலேயே வைத்துவிட்டு, "பாவம்டிம்மா அவ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எலி மயிருக்கும் பெருச்சாளி மயிருக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டு மயிர் தெரியும், சாயம் தெரியும். அதை மட்டும் பார்த்தேன்.

பச்சை இருந்தது. எந்தச் சாயத்தின் பக்கமும் போகாத தண்ணீரில் கழுவிய மயிரில், நன்றாகப் பிடித்த கிளிப்பச்சை. "நான் சொன்னேனா இல்லையா?" என்று கத்தியே விட்டேன். மாடியில் யாரும் இல்லை. உன்னை ஒரே ஒரு தடவை ஜெயித்தேன், அதைப் பார்க்க நீ இல்லை.

அதற்கப்புறம்தான் அந்தக் கவர். நாலைந்து ஆட்டு மயிர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், மறுநாள் காலை வெயிலிலும் பார்த்தேன். அரக்கு. என் பட்டறை அரக்கு, தேசம்மாவின் ஆடு.

மற்ற எதிலும் அரக்கு இல்லை. இது ஒன்றில்தான். குழாயைத் திறந்தால் ஒரு நொடியில் சாக்கடைக்குப் போய்விடும். ஊருக்குப் போய், அரக்கு மயிர் ஒன்றுகூட இல்லை, நரி உங்கள் குட்டியைத் தொடவில்லை என்று சொல்லலாம். புதரில் இருக்கிற குட்டிகள் பிழைக்கும். நீயும் அதைத்தானே விரும்பினாய்? யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கு நானே சொன்னேன். சொன்ன உடனே எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. என் வாழ்நாளில் எனக்கு இப்படித் தோன்றியதே கிடையாது. கையைக் கழுவிவிட்டு மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

தீபத்துக்கு முதல் நாள் தாமலுக்குப் போனேன். மதகுப் பக்கம் தேசம்மா, கன்னியப்பன், இன்னும் சில பேர் கூடியிருந்தார்கள். பச்சையைச் சொன்னேன். கன்னியப்பன் முகம் சுருங்கியது. "செத்ததுங்கதான். நாங்கதான் இஸ்துக்கினு போய்ப் போட்டோம்" என்று ஒத்துக்கொண்டார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அரக்கையும் சொன்னேன்.

தேசம்மா எழுந்து நின்றார். "அப்ப என் குட்டிய துன்னுச்சின்ற."

"துன்னிருக்குதுக்கா."

"அதுதான் அடிச்சிதா?"

"தெரியலைக்கா. அதுவே அடிச்சிதா, நாய் அடிச்சுப் போட்டத துன்னுச்சான்னு இந்த மயிர்ல தெரியாது."

"மத்த குட்டிங்க?"

"அதுவும் தெரியல. இது ஒண்ணுலதான் அரக்கு இருந்துது. நாங்க பொறுக்கினதே கொஞ்சம்தான்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "தெரியல தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்த?"

நான் உன்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது. தேசம்மா விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தார். மருந்து எடுக்கத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. நான் நாசமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த நரிக்குட்டிகள் பிழைத்திருக்குமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பொட்டலத்தோடு அவர் திரும்பி வந்தார். நேராக என்னிடம் வந்து அதை என் கையில் வைத்தார். "இத நீயே வெச்சிக்கோ."

"நான் எதுக்குக்கா?"

"ஒண்ண துன்னுச்சின்னு நீயாதான் சொன்ன. மறைச்சிருந்தா எனக்கு இன்னா தெரியும்? அந்தம்மா பூட்ச்சி, ஆனா வாங்கின கெடு அப்படியே இருக்குது. நீ பொறுக்கிப் பாரு. நரிதான் என் குட்டிங்கள அடிக்குதுன்னு தெரிஞ்சா இத எடுத்தாந்து எங்கிட்ட குடு. இல்லன்னு தெரிஞ்சா எங்கனா குழி தோண்டிப் பொதைச்சிரு. வேற யாரு கையிலயும் இத நான் குடுக்க மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். கன்னியப்பன் முதற்கொண்டு எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

விலை அதிகமான சாயங்களைப் பூட்டி வைக்கும் அலமாரியில் அது இப்போது இருக்கிறது. வாரம் ஒரு நாள் பட்டறையை ஏழுமலையிடம் விட்டுவிட்டுத் தாமலுக்குப் போகிறேன். மழை விட்ட நாட்களில் கரையில் குனிந்து பொறுக்குகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. வாடிக்கையாளர்கள் என்னம்மா, ஆளையே காணோம் என்கிறார்கள். நரிக்குட்டிகள் நன்றாக வளர்ந்துவிட்டன. போன வாரம் மூன்றும் ஈரம் காயக் கரையில் படுத்திருந்தன, என்னைப் பார்த்தும் எழுந்து ஓடவில்லை. அவற்றின் எச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து, அரக்கு இருக்கக் கூடாது, அரக்கு இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கழுவுகிறேன்.

அந்த ஒன்றுக்குப் பிறகு இன்னும் அரக்கு வரவில்லை. இனி வந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் அந்த அலமாரியைத் திறந்து, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறத்தான் வேண்டும். வயிறு எரிந்துகொண்டே ஏறுவேன், ஆனால் ஏறுவேன். அந்த மூன்று குட்டிகளுக்காக ஒரு பொய்கூடச் சொல்ல வாய் வராதவளாக என்னை ஆக்கிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அதற்காக உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.